நவராத்திரிப் பாதை: விளம்பரத்துக்கு முன் கடைத்தெருவைக் கேட்க வேண்டும்

பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து புறப்பட்டு, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, மூன்றாம் நாள் மாலையில் திருவனந்தபுரம் கோட்டையை அடையும் நவராத்திரி ஊர்வலம், இரு மாநிலங்களின் எல்லையைக் கடந்து இன்றும் நடந்தே நிறைவேற்றப்படும் அரிய பயணங்களுள் ஒன்றாகும். ஐம்பது கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் இந்தப் பாதையின் முடிவிடங்களில் ஒன்று, திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவின் கிழக்குப் பகுதியில் அமைந்த ஆரியசாலை. பல நாள் நடந்து, இடையிலுள்ள ஊர்களில் உண்டு உறங்கிச் செல்லும் நெடுநடைப் பாதைகள் உலகெங்கும் சுற்றுலாப் பொருளாதாரத்தின் ஓர் அங்கமாகிவரும் காலத்தில், இந்தப் பாதையையும் ஆண்டு முழுவதும் நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழக்கூடியது. அது நல்ல எண்ணமே. ஆனால், பாதையை எப்படி விளம்பரப்படுத்துவது என்ற கேள்வி சுற்றுலாத் துறை அலுவலகத்தில் தொடங்கினால் தவறான விடையே கிடைக்கும். வழியில் கடை வைத்திருப்பவர்களிடம் தொடங்கினால் மட்டுமே நிலைக்கும் விடை கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மூன்று தெய்வங்கள், மூன்று நாட்கள்

திருவிதாங்கூரின் தலைநகரம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் ஆட்சிக்காலத்தில், பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. தலைநகரம் மாறியபின் நவராத்திரி விழாவும் புதிய நகரில் கொண்டாடப்படலாயிற்று. ஆனால், விழாவுக்குரிய தெய்வங்கள் தத்தம் கோயில்களிலேயே இருந்தமையால், ஆண்டுதோறும் அவற்றை எழுந்தருளச் செய்து அழைத்துவரும் வழக்கம் உருவாயிற்று. பத்மநாபபுரத்துத் தேவாரக்கெட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் மன்னரின் உடைவாளின் துணையுடன் புறப்படுகின்றனர். அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் இந்த உடைவாள் கைமாற்றப்படும் சடங்கில் கேரள, தமிழக அரசுகளின் பிரதிநிதிகள் கலந்துகொள்கின்றனர். களியக்காவிளையில் ஊர்வலம் எல்லையைக் கடக்கும்போது காவல்துறையின் அணிவகுப்பு மரியாதை அளிக்கப்படுகிறது.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலப் பிரிவினையால் தெய்வங்களின் கோயில்கள் தமிழ்நாட்டிலும், அவை சென்று தங்கும் கோயில்கள் கேரளத்திலுமாகப் பிரிந்தன. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே இன்றும் உள்ளது. இத்தனை சிக்கல்களுக்கு இடையிலும் நடை நின்றுவிடவில்லை. திருவனந்தபுரத்தில் சரஸ்வதி நவராத்திரி மண்டபத்திலும், முன்னுதித்த நங்கை செந்திட்டை தேவி கோயிலிலும், குமாரசுவாமி ஆரியசாலை தேவி கோயிலிலும் விழா முடியும்வரை தங்குகின்றனர். விஜயதசமியன்று குமாரசுவாமி வெள்ளிக்குதிரையில் பூஜைப்புரை மண்டபத்துக்கு எழுந்தருள்கிறார். பின்னர், நல்லிருப்பு எனப்படும் ஓய்வுநாள் கழிந்ததும், மூவரும் வந்த வழியே திரும்புகின்றனர்.

வழிநெடுக வீட்டு வாசல்களிலும் கடை முகப்புகளிலும் நடைபெறும் வரவேற்புக்குத் தட்டபூஜை என்று பெயர். வாசலைக் கழுவிக் கோலமிட்டு, குத்துவிளக்கு ஏற்றி, வாழையிலையில் பழமும் அவலும் பொரியும் பரப்பிவைத்து, பல்லக்கு வரும்வரை குடும்பத்தோடும் கடைச் சிப்பந்திகளோடும் காத்து நிற்பது இதன் முறை. ஆக, இந்தப் பாதையில் கடை வைத்திருப்பவர் வேடிக்கை பார்ப்பவரல்லர். ஊர்வலத்தை ஏற்று அனுப்பும் உபசரிப்பாளர். பாதையைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் அவருக்கு இடம் வேண்டும் என்பதற்கு இதுவே முதல் காரணம்.

கடைத்தெரு ஒரே குரலில் பேசுவதில்லை

சாலைக் கடைத்தெரு, திவான் ராஜா கேசவதாசன் காலத்தில் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட சந்தை. கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் இந்தத் தெருவில் தமிழும் மலையாளமும் கலந்தே வியாபாரம் நடக்கிறது. சாலைத் தெருவிலேயே பாத்திரக்கடை நடத்தியபடி அத்தெருவின் மனிதர்களைக் 'கடைத்தெருக் கதைகள்' என்ற பெயரில் இலக்கியமாக்கியவர் ஆ. மாதவன். 2015-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவருடைய எழுத்தை வாசித்தவர்கள், இந்தத் தெருவை ஒரே நலனுடைய ஒரே கூட்டமாக எண்ணமாட்டார்கள். வணிகர்களின் கருத்து என்று பொதுவாகச் சொல்லப்படுவது, உண்மையில் ஒன்றோடொன்று மோதும் பல கருத்துகளின் தொகுப்பு. நெடுநடைப் பாதையைப் பொறுத்தவரை குறைந்தது மூன்று வகை வணிகர்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முதலாவது, மொத்த வியாபாரிகள். அரிசி, பருப்பு, வெல்லம், மசாலாப் பொருட்கள், இரும்புச் சாமான்கள் ஆகியவற்றை மூட்டைக் கணக்கிலும் எடைக் கணக்கிலும் விற்கும் இவர்களுடைய வாடிக்கையாளர், நெடுமங்காட்டிலோ காட்டாக்கடையிலோ சில்லறைக் கடை வைத்திருப்பவர். தோளில் பையுடன் நடந்துவரும் பயணி அல்லர். இவர்களுக்கு வேண்டியது லாரி நிற்க இடமும், சுமை இறக்க நேரமும். அதிகாலையில் லாரியின் பின்பலகை திறக்கப்பட்டதும், தலையில் துண்டைச் சும்மாடாகக் கட்டிய சுமைத் தொழிலாளர்கள் மூட்டையைத் தாங்கிக் குறுகிய தெருவில் கடைக்கும் வண்டிக்குமாக ஓட்டமும் நடையுமாகச் செல்கின்றனர். அந்த நேரத்தில் எதிரில் நின்று படமெடுக்கும் ஒருவர் அவர்களுக்கு இடையூறே. கேரளத்தில் 1978-இல் தனிச்சட்டம் இயற்றிப் பாதுகாக்கப்பட்ட இந்தத் தொழிலாளர்களின் கூலி, இறக்கும் சுமையைப் பொறுத்தது. ஊர்வலத்துக்காக ஒரு மாலை தெருவை விட்டுக்கொடுப்பதைப் பக்தியாகக் கருதும் மொத்த வியாபாரி, அதே தெருவை ஆண்டு முழுவதும் நடையர் வீதியாக அறிவித்தால் எதிர்ப்பார். அந்த எதிர்ப்பு நியாயமானது.

இரண்டாவது, உணவகங்கள், தேநீர்க் கடைகள், விடுதிகள், மருந்துக் கடைகள், செருப்புக் கடைகள் போன்ற சில்லறை வணிகங்கள். நடப்பவரின் பணம் நேராகச் சென்று சேரும் இடங்கள் இவைதான். காரில் வருபவர் பத்மநாபபுரத்தில் காலையில் அரண்மனையைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திருவனந்தபுரத்தை அடைந்துவிடுவார். இடைப்பட்ட தக்கலை, மார்த்தாண்டம், பாறசாலை, பாலராமபுரம் ஆகிய ஊர்களுக்கு அவரால் எந்தப் பயனும் இல்லை. அதே தூரத்தை மூன்று நாளில் நடப்பவரோ இரண்டு இரவு தங்கியாக வேண்டும், ஏழெட்டு வேளை சாப்பிட்டாக வேண்டும், மணிக்கொருமுறை தண்ணீரோ மோரோ தேநீரோ வாங்கியாக வேண்டும். ஒரு சிறு உணவகத்துக்கு, ஒரே மாலையில் வந்து போகும் பெருங்கூட்டத்தைக் காட்டிலும், நாளொன்றுக்கு இருபது பேர் வீதம் ஆறு மாதம் வருவது மேலானது. கூட்ட நாளில் கூடுதல் ஆள் வைக்க வேண்டும். சமைத்தது மிஞ்சினால் நட்டம், போதாவிட்டால் கெட்டபெயர். சீரான சிறு வரத்து அடுப்பையும் கல்லாவையும் ஒரே நிதானத்தில் ஓடவிடும்.

மூன்றாவது, பூ, கற்பூரம், பொரி, வளையல், விளையாட்டுப் பொருட்கள் விற்கும் தெருவோர வியாபாரிகள். திருவிழாவே இவர்களின் அறுவடைக்காலம். பாதைக்குப் பெயர் கிடைத்து, தெரு அழகுபடுத்தப்படும்போது முதலில் அப்புறப்படுத்தப்படுபவர்களும் இவர்களே. தெருவோர வியாபாரிகளின் வாழ்வுரிமையைக் காக்கும் மத்தியச் சட்டம் 2014-இல் இயற்றப்பட்டது. நகர விற்பனைக் குழுக்களில் அவர்களுடைய பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும் என்கிறது அது. பாதை பற்றிய ஆலோசனையிலும் அவர்களுக்கு நாற்காலி போடப்பட வேண்டும்.

பெருங்கூட்டத்தைச் சமாளித்த அனுபவமும் இந்தக் கடைத்தெருவுக்கு உண்டு. அருகிலுள்ள ஆற்றுகால் பகவதி கோயிலின் பொங்கால விழா, ஓரிடத்தில் மிக அதிகமாகப் பெண்கள் கூடும் விழாவாக 1997-இல் கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றது. 2009-இல் இருபத்தைந்து லட்சம் என்ற எண்ணிக்கை பதிவாயிற்று. கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்குத் தெருக்களெல்லாம் அடுப்புகளாகும் அந்நாளுக்கு அரிசியும் வெல்லமும் பானையும் விற்றுப் பழகியவர்கள் இங்குள்ள வியாபாரிகள். ஒருநாள் கூட்டம் எதைத் தரும், எதைத் தராது என்பதை அவர்களைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் எவருமில்லை.

வெளியுலகப் பாடங்கள்

ஸ்பெயினின் சாந்தியாகோ யாத்திரைப் பாதை, நடைவழிச் சுற்றுலாவின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. 1980-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்ட அந்தப் பாதையில், செப்ரேரோ ஊரின் பங்குத்தந்தை எலியாஸ் வலிஞ்ஞா மஞ்சள் வண்ணத்தில் அம்புக்குறிகளை வரையத் தொடங்கினார். 1987-இல் ஐரோப்பிய மன்றம் அதை முதல் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது. 1993-இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் ஸ்பெயின் பகுதி சேர்ந்தது. 2023-இல் யாத்திரையை முடித்துச் சான்றிதழ் பெற்றவர்கள் நான்கு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல். இதன் வணிக நுட்பம் ஒரு சிறு அட்டையில் இருக்கிறது. நடப்பவர் கையில் ஒரு பதிவட்டை வைத்திருப்பார். வழியிலுள்ள தேநீர்க் கடை, விடுதி, தேவாலயம் எனப் பல இடங்களில் அதில் முத்திரை வாங்குவார். நூறு கிலோமீட்டராவது நடந்ததற்கு அந்த முத்திரைகளே சான்று. முத்திரைக்காகக் கடைக்குள் நுழைந்தவர் ஏதேனும் வாங்காமல் வெளியேறுவது அரிது. அதே வேளையில், சான்றிதழுக்குத் தேவையான குறைந்த தூரத்தை மட்டும் நடக்கப் பெருங்கூட்டம் கடைசிக் கட்டத்தில் குவிவதும், சாந்தியாகோ நகரவாசிகள் நெரிசலையும் வாடகை உயர்வையும் பற்றி முறையிடுவதும் அந்தப் பாதையின் மறுபக்கம்.

ஜப்பானின் குமானோ கோதோ பாதை வேறொரு முறையைக் காட்டுகிறது. 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற இந்த மலைவழி யாத்திரைப் பாதைக்காக, தனாபே நகரம் 2006-இல் தனிச் சுற்றுலா அமைப்பை உருவாக்கியது. பேருந்தில் வரும் பெருங்குழுக்களைக் காட்டிலும் தனியாக நடந்து வருபவர்களையே நாடுவது என்று அந்த அமைப்பு முன்கூட்டியே முடிவு செய்தது. விளம்பரத்தைப் பெருக்குவதற்கு முன் வழிகாட்டிப் பலகைகளில் இடப்பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலில் அமைத்தது. சிறு விடுதி நடத்தும் முதியவர்களும் பேருந்து ஓட்டுநர்களும் அந்நியமொழி தெரியாமலேயே வெளிநாட்டு விருந்தினரோடு பழக உதவும் பயிற்சிகளை நடத்தியது. பின்னர் அந்த விடுதிகளுக்கான முன்பதிவையும் தானே ஏற்றது. வெளியூர் முகவரின் கைக்குப் போகக்கூடிய தரகுப்பணம் அதனால் ஊருக்குள்ளேயே தங்கியது.

இலங்கையின் பீகோ பாதை தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானது. கண்டியிலிருந்து அட்டன், அப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியா வரை, முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல், 22 கட்டங்களாக அமைந்த அந்தப் பாதை தேயிலைத் தோட்டங்களின் ஊடாகவே செல்கிறது. தோட்டத்தில் தலைமுறைகளாக உழைக்கும் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோருக்கு அவர்கள் குடியிருக்கும் லயன் வீட்டின் மீது உரிமைப் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாதவர் வீட்டைத் தங்குமிடமாக்கவோ, அதற்கு வங்கிக் கடன் பெறவோ முடிவதில்லை. வீட்டு வாசல் வழியாகப் பாதை சென்றாலும், அதன் வருவாய் வாசலில் இறங்குவதற்கு உரிமை வேண்டும் என்பதே அங்கிருந்து பெறவேண்டிய பாடம்.

கேரளத்துக்கும் சொந்த அனுபவம் உண்டு. 2008-இல் குமரகம், தேக்கடி, வயநாடு, கோவளம் ஆகிய நான்கு இடங்களில் பொறுப்புச் சுற்றுலாத் திட்டம் தொடங்கப்பட்டது. உள்ளூர் மக்களின் வருவாயை முதன்மையாகக் கொள்ளும் இந்த முறையில், குமரகத்தின் விடுதிகள் தமக்கு வேண்டிய காய்கறிகளைக் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களிடமிருந்து வாங்கும் ஏற்பாடு உருவாயிற்று. 2017-இல் இதற்கெனத் தனி இயக்கமே அமைக்கப்பட்டது. நவராத்திரிப் பாதைக்குத் தேவையான நிர்வாக முன்மாதிரி கேரளத்தின் கையிலேயே இருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது

சந்தைப்படுத்துவது என்பது ஒரு பொருளின் எந்தப் பகுதியை விலைக்குக் காட்டுவது என்று தீர்மானிப்பதே. நவராத்திரி ஊர்வலமும், தெய்வங்களும், உடைவாளும் விளம்பரப் படங்களுக்கு உரியவையல்ல. பல்லக்கு வரும்வரை விளக்கேற்றிக் காத்திருக்கும் ஒருவரின் வழிபாட்டைக் காட்சிப்பொருளாக்கினால், அவர் அடுத்த ஆண்டு வாசலைச் சாத்திக்கொள்ளக்கூடும். அதன்பின் விற்பதற்கு எதுவும் மிஞ்சாது. ஊர்வல நாட்களில் பாதை பக்தர்களுக்கே உரியது என்றும், மழை ஓய்ந்து வெயில் மிதமாக இருக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே நடையர்களுக்குரியது என்றும் பிரித்துவிடுவது நல்லது.

விற்கத் தக்கது, வழியும் வழியிலுள்ள ஊர்களும்தான். தக்கலையில் தமிழ் சூஃபி ஞானி பீர்முகமது அப்பாவின் தர்காவும், டச்சுத் தளபதி டி லனாய் அடங்கிய உதயகிரிக் கோட்டையும் உள்ளன. மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்பு குடிசைத் தொழிலாகப் பரவியுள்ளது. குழித்துறையிலிருந்து சற்றே விலகினால் சிதறால் மலையின் சமணச் சிற்பங்களையும், 1966-இல் கட்டப்பட்ட மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் அடையலாம். நெய்யாற்றின்கரைக்கு அருகில், 1888-இல் நாராயண குரு சிவலிங்கம் நிறுவிய அருவிப்புறம் இருக்கிறது. பாலராமபுரத்தில் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய நெசவாளர்களின் வழித்தோன்றல்கள் நெய்யும் கைத்தறிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. குமரி மாவட்டத்துக்கே உரிய மட்டி வாழைப்பழமும் அத்தகைய குறியீடு பெற்றது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என எல்லாச் சமயத்தாரின் கடைகளும் அடுத்தடுத்து நிற்கும் இந்தப் பாதையை ஒரு விழாவுக்குள் மட்டும் அடக்கிச் சொல்வது, அதன் வணிகர்களில் பாதிப் பேரை வெளியே நிறுத்துவதாகும்.

மரபு மாறாதது என்ற அச்சமும் தேவையற்றது. நவராத்திரி மண்டபத்தின் இசை அரங்கில் நெடுங்காலம் பெண்கள் பாட அனுமதிக்கப்படவில்லை. 2006-இல் பாறசாலை பொன்னம்மாள் அங்கே பாடிய முதல் பெண்ணானார். இந்தப் பாதையிலுள்ள ஊரில் பிறந்த ஒருவர் வழியாகவே அந்த மாற்றம் நிகழ்ந்தது என்பது பொருத்தமானது. உரியவர்கள் ஏற்கும்போது மரபு இடம் கொடுக்கிறது.

படுக்கையும் கழிப்பறையும் முதலில்

வழிப்போக்கருக்கு வசதி செய்வது இந்த மண்ணுக்குப் புதிதன்று. திருவிதாங்கூரின் பழைய சாலைகளில் இளைப்பாற வழியம்பலங்களும், தலைச்சுமையை மற்றவர் உதவியின்றி இறக்கி வைக்கவும் ஏற்றிக்கொள்ளவும் தோள் உயரத்துக்கு நாட்டப்பட்ட சுமைதாங்கிக் கற்களும், அருகில் தண்ணீர்த் தொட்டிகளும் இருந்தன. கர்ப்பவதியாக இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடும் வழக்கம் இருந்தது. சிவராத்திரியன்று குமரி மாவட்டத்தின் பன்னிரு சிவாலயங்களை நடந்தும் ஓடியும் தரிசிக்கும் சிவாலய ஓட்டத்தில், வழியிலுள்ளவர்கள் இன்றும் பானகமும் கஞ்சியும் சுக்குநீரும் கொடுக்கின்றனர். முதலில் வசதி, பிறகு வரவேற்பு என்ற அந்த வரிசை இன்றைய திட்டங்களில் தலைகீழாகிவிடுகிறது. பலகையும் காணொளியும் முதலில் வருகின்றன, கழிப்பறை கடைசியில் வருகிறது, சிலவேளை வராமலே போகிறது. விளம்பரத்தை நம்பி வந்த நடையர் ஏமாறும்போது, அவருக்குப் பதில் சொல்லவேண்டியவர் விளம்பரம் செய்த அதிகாரி அல்லர். எதிரில் நிற்கும் தேநீர்க் கடைக்காரரே.

எனவே, திட்டத்தின் முதல் ஆண்டு முழுவதும் விளம்பரத்துக்கு ஒரு ரூபாயும் செலவிடாமல், அடிப்படைகளுக்கே செலவிட வேண்டும். தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் லாரிகளுக்கு இடையே எவரும் விரும்பி நடக்கமாட்டார். ஆகவே ஊர்வலத்தின் தங்கலிடங்களை அப்படியே வைத்துக்கொண்டு, இடையில் கால்வாய்க் கரைகளையும் ஊர்த் தெருக்களையும் இணைக்கும் மாற்றுவழி வகுக்கப்பட வேண்டும். பெண்கள் அச்சமின்றிப் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை சில கிலோமீட்டருக்கு ஒன்று வேண்டும். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும், முகூர்த்தம் இல்லாத நாட்களில் பூட்டிக்கிடக்கும் திருமண மண்டபங்களையும் தேவாலயக் கூடங்களையும் எளிய கட்டணத்தில் திறந்துவிடலாம். ஆரியசாலையில் சுமை இறக்கும் நேரத்தையும் நடையர்கள் வந்துசேரும் மாலை நேரத்தையும் மோதாமல் பிரித்து வைத்தால், மொத்த வியாபாரியின் கவலையில் பெரும்பகுதி தீரும்.

இரண்டாம் ஆண்டில் முத்திரை அட்டையைக் கொண்டுவரலாம். முத்திரை வைக்கும் உரிமையைப் பெரிய விடுதிகளுக்கு மட்டும் தராமல், தேநீர்க் கடைக்கும் தறிக்கூடத்துக்கும் பழக்கடைக்கும் சுழற்சி முறையில் தர வேண்டும். எந்த ஊரில் எத்தனை பேர் தங்கினார்கள், எங்கே நடையை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் அந்த அட்டைகளிலிருந்தே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு செய்யப்படும் விளம்பரம் உண்மையைச் சொல்லும் விளம்பரமாக இருக்கும்.

இவற்றையெல்லாம் யார் முன்னெடுப்பது என்பது நியாயமான கேள்வி. திருவிதாங்கூர்க் கோயில்களின் பராமரிப்புக்காக இரு மாநிலங்களும் ஆண்டுதோறும் பணம் வழங்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 290-அ பிரிவே விதித்திருக்கிறது. எல்லை தாண்டிய கூட்டுப் பொறுப்பு இங்கே ஏற்கெனவே பழகிய ஒன்று. இரு மாநிலச் சுற்றுலாத் துறைகளும் கோயில் நிர்வாகங்களும், தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரமைப்பையும் கேரள வியாபாரி வியவசாயி ஏகோபன சமிதியையும் தெருவோர வியாபாரிகளின் பிரதிநிதிகளையும் சுமைத் தொழிலாளர்களையும் ஒரே மேசைக்கு அழைத்து, திட்டம் எழுதப்படுவதற்கு முன்பே அவர்களிடம் கேட்க வேண்டும். அந்தக் கூட்டம் குழித்துறையில் ஒருமுறையும், நெய்யாற்றின்கரையில் ஒருமுறையும், ஆரியசாலையில் ஒருமுறையும் நடக்கட்டும். பேசப்படுவது தமிழிலும் மலையாளத்திலும் பதிவாகட்டும். ஏதேனும் ஓர் ஊரின் வணிகர்கள், இது தங்களுக்கு வேண்டாம் என்று காரணத்தோடு சொன்னால், அந்த ஊரைத் தவிர்த்துப் பாதை வகுக்கும் நேர்மையும் அரசுக்கு வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை உள்ளவர்கள் வேண்டும் என்று சொல்லும்போதுதான் அந்தச் சொல்லை நம்பி ஒரு பாதையைத் திறக்க முடியும்.